நுரை பார்த்தல்

கைப்பையில் ஒரு சோப்பு வைத்திருந்தேன்,
பாதி தேய்ந்தது, பிளாஸ்டிக் டப்பாவில்.
வீடு காட்டுகிறவர்கள் அறைகளைக் காட்டுவார்கள்,
நான் குழாயைத் திறப்பேன்.
நம்ம ஊர்த் தண்ணி பல்லில் கறை ஏத்தும்,
கடலூர்த் தண்ணி நுரைக்காது என்று
மாற்றல் உத்தரவு வந்த அன்றே சொல்லியிருந்தாள்
பக்கத்துக் கவுண்டர் பூங்கோதை.

பதினோரு வருடம் கடிதம் பிரித்தவள் நான்.
இந்த ஊர் எனக்குப் பின்கோடாகத்தான் தெரியும்.
ஒன்றில் முடிந்தால் மஞ்சக்குப்பம்,
இரண்டில் முடிந்தால் திருப்பாப்புலியூர்,
மூன்றில் முடிந்தால் முதுநகர்.
எந்தத் தெருவில் ராத்திரி விளக்கு எரியும்,
எந்தத் தெருவில் "சார் வரலையா?" என்று
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்
என்பதெல்லாம் எந்த எண்ணிலும் இல்லை.

புதுப்பாளையத்தில் நல்ல வீடு.
நுரை, சோறு பொங்குவதுபோல் பொங்கியது.
"சொந்த ஊரு?"
"தருமபுரி."
"தருமபுரியில எங்க?"
"அரூர் பக்கம்."
"அரூர் பக்கம்னா, எந்தத் தெரு?"
தபால்காரர்கூட அவ்வளவு நுணுக்கமாய்
விலாசம் கேட்டதில்லை.
சொன்னேன்.
தெரு வரைக்கும் சொன்னேன்.
சாவி அந்த அம்மாள் இடுப்பிலேயே இருந்தது.
"பையன் வந்து தங்குறேன்னு சொல்லியிருக்கான்."
ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரை
அவருக்குப் பையன் இல்லை.
கையில் ஈரம் காயாமல் படி இறங்கினேன்.

உப்பலவாடி போகிற வழியில் இன்னொன்று.
சுவரில் இடுப்பு உயரம் வரை மட்டும் புதுப் பெயிண்ட்.
"தண்ணி ஏறுமா?"
"மழை பேஞ்சா எல்லா ஊர்லயும் தண்ணிதான் மேடம்"
என்றான் புரோக்கர் இளம்பரிதி,
செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.
சுவிட்சுப் பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது.
கேள்வியை அதனிடமே கேட்டிருக்கலாம்.

முதுநகரில் ரயில் கேட்டைத் தாண்டி
உப்புக் காற்று தின்ற இரும்புக் கதவு.
தைரியநாதன், சிப்காட்டில் இருபத்தாறு வருடம்.
"தெக்குக் காத்து அடிச்சா நாத்தம் வரும்பாங்க.
எனக்கு மூக்கு செத்துப்போச்சு.
ராத்திரி ஒரு தடவை வந்து
நீங்களே மோந்து பாத்துக்குங்க."
வந்தோம், நானும் செம்மலரும்.
ஒன்பதரை மணிக்கு நடுத்தெருவில் நின்று
மூக்கை உறிஞ்சினோம்.
ஒரு நாய் வந்து எங்களை அதையே செய்தது.
அழுகின முட்டைக்கோஸ், என்றாள் மகள்.
நெயில் பாலிஷ், என்றேன் நான்.
கருவாட்டில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நுரை அரைகுறை.
விரலிடுக்கில் வந்து, யோசித்து, போய்விட்டது.
கூடத்துச் சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன.
"பிள்ளைங்க வளந்ததா?"
"தண்ணி வளந்தது" என்றார்.
"இது பதினஞ்சு. இது ரெண்டாயிரத்தி அஞ்சு.
இது எதுன்னு மறந்துட்டேன்.
வெள்ளையடிக்க வர்றவன்கிட்ட
இந்த ஒரு முழத்தை விட்டுடச் சொல்லிடுவேன்."
செம்மலர் செருப்பைக் கழற்றிவிட்டு
சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள்.
மேல்கோடு அவள் தோளில் வந்து நின்றது.
அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்
குனிந்து பார்த்தார், தையற்காரர்போல.
"அடுத்ததுக்குள்ள வளந்துடுவா."

அட்வான்ஸ் கொடுத்தேன்.
எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை என்பது
பஸ்ஸில் மஞ்சக்குப்பம் வரும்போதுதான் உறைத்தது.
மனைவி வேளாங்கண்ணி போயிருக்கிறாராம்,
வியாழக்கிழமை வருவார்.
கேட்டால் அப்போது கேட்பார்கள்.
ரசீது சோப்போடு ஒட்டிக்கொண்டு
பாதி எழுத்து கலங்கியிருந்தது.

மறுநாள் வேலையில் சேர்ந்தேன்.
முதல் வேலையாக, விலாசம் மாற்றும் படிவம்,
என் பெயருக்கே.
மூன்றில் முடியும் எண்ணை எழுதினேன்.
எவ்வளவு காலத்துக்கு, என்றது அடுத்த கட்டம்.
படிவத்தைப் பென்சிலால் நிரப்பக் கூடாது என்று
நானே எத்தனை பேரைத்
திருப்பி அனுப்பியிருக்கிறேன்.