தேமல்

லெய்டனில், தரைக்குக் கீழே,
கட்டடத்தைத் தொடாமல் மணல்மேல் நிற்கிறது
ஒரு கான்கிரீட் பாளம்.
அதன்மேல் நுண்ணோக்கி.
தெருமுனையில் பேருந்து திரும்பினாலும் ஊசி பதறும்;
இரவில்தான் அளக்கிறாள் ஹிஸ்கே.

பிஸ்மத், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம், தாமிரம், ஆக்சிஜன்.
உள்ளங்கையில் வைத்தால் கரிச்சில்லு.
குளிரில் வைத்தால் தடையே இல்லாத தெரு.
அப்படித்தான் பாடம்.

நான்காம் நாள் விடியலில் படம் வந்தது.
ஒரே நிறமாய் இருக்கவேண்டிய இடமெல்லாம்
தேமல்.
இங்கே இருபது.
எட்டு தாமிர அணு தள்ளி அறுபது.

"மாதிரி கெட்டுவிட்டது"
என்று வோபேவுக்கு எழுதினாள்.
மூன்று வாரம் உலையருகே இருந்து
மணிக்கு மயிரிழையாய்ப் படிகம் வளர்த்தவன்
இரண்டே சொல் அனுப்பினான்:
"இன்னொன்று உடை."

உடைத்தாள். அதே தேமல்.
ஊசியை மாற்றினாள். அதே தேமல்.
மூன்றாவது, பசையோடு பெயர்ந்து விழுந்து
இரண்டு நாள் பாழ்.

அந்த வாரம் கால்வாய் உறைந்தது.
பாலத்தடியில் மட்டும் பிடிக்கவில்லை,
வாத்துகள் கூடிய இடத்திலும் கருந்தண்ணீர்.
சறுக்கி வந்தவர்கள் அங்கே கரையேறி
யாரோ விரித்த பழங்கம்பளத்தில்
கத்திக்காலோடு தத்தி நடந்து
மறுபடி இறங்கி, போய்க்கொண்டே இருந்தார்கள்
அடுத்த ஊருக்கு.

உவமையை அவள் நம்புவதில்லை.
திரும்பிவந்து மின்னழுத்தத்தை ஏற்றினாள்.
புள்ளி புள்ளியாய் எழுந்தன உபரி ஆக்சிஜன்கள்,
அம்மை போட்ட முகம்போல.
பெரும்பாலும் அறுபதின் திட்டுகளில்.

அவை நுழையாவிட்டால்
இது மின்சாரம் ஏறாத வெறும் ஓடு.
நுழைந்தன; வரிசையில் உட்காரத் தெரியவில்லை.
பிழைக்க வைத்ததே
பிசகவும் வைத்திருக்கிறது.

இதில் ஜோடி சேரும் எலக்ட்ரான்கள்
ஒரே அணுவில் நெருங்கி இராதவை,
ஊடியபடியே கூடுபவை.
அறுபதில் பிடி இறுக்கம்,
ஆனால் ஊரோடு ஒட்டாத ஜோடிகள்.
இருபதில் கை தளர்ந்திருக்கிறது,
ஓட்டம் அங்கேதான்.

தேமலைத் துடைத்துவிட்டால்
இன்னும் சூட்டில் ஓடுமா இது?
கேட்டு எழுதினாள்.
"ஆக்சிஜனுக்கு நாற்காலி போட்டுத் தரவா?"
என்றான் வோபே. பிறகு, தனியாக ஒரு வரி:
"முயன்று பார்க்கிறேன். மே மாதம்."

ஐந்து நாற்பதின் பேருந்து திரும்பியது.
படத்தின் குறுக்கே ஒரு கீறல்.
அதை
அவள் அழிக்கவில்லை.