ஷூ ஃபென் பேசிய தமிழ்

லிஃப்ட் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது.
உள்ளே நானும் ஷூ ஃபெனும்
ஒரு வாஷிங் மெஷினும்.
மெஷினை யார் ஏற்றியது என்று
கனவில் யாரும் கேட்பதில்லை.
என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி
அவள் திட்ட ஆரம்பித்தாள்,
நல்ல தமிழில்.

"ஒரு வார்த்தை கேட்டியா?
கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி
ஒரே ஒரு வார்த்தை?"

யீஷூனில் ரயில் ஏறி
கம்பியைப் பிடித்து நிற்கும்போதும்
காது மடல் சுட்டுக்கொண்டிருந்தது.

அங் மோ கியோ பல் மருத்துவமனையில்
அவள் முன்மேசை,
நான் பின்னறையில் கருவி கழுவுபவள்.
பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்:
நன்றி. வடை. போதும்.
வழக்கம்போல் காயா ரொட்டியில் பாதியை
டிஷ்யூவில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.
வேண்டாம் என்றேன்.
தட்டை வைக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.
செய்யாத குற்றத்துக்கு
அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து
எனக்கு ஒரு சின்ன திருப்தி. வெட்கமாகத்தான் இருக்கிறது,
ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

கொதிகலனில் கருவிகள் வெந்து முடிய
பதினெட்டு நிமிடம்.
அந்நேரம் உட்கார்ந்து யோசித்தேன்:
அந்தத் தமிழ் யாருடையது?

என்னுடையதுதான் என்று முதலில் பட்டது.
தம்பி குணாளனுக்காகச் சேர்த்துவைத்தது.
அப்பாவை இல்லத்தில் சேர்க்கும் படிவத்தில்
கையெழுத்திட்டுவிட்டு
மறுநாளே பெர்த்துக்கு விமானம் ஏறியவன்.
விசித்திரம், அவனும் கனவில் வருவான்,
பள்ளிச் சீருடையோடு, பசியோடு.
பொரித்த மீ போட்டுக் கொடுப்பேன்,
இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்பேன்.
அவன்மேல் கோபமே வராது.
கோபத்துக்கு வேறு ஆள் வைத்திருக்கிறேன் போல.
பாவம், ஷூ ஃபென்,
பகலில் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு
இரவில் எனக்காகக் கூலியில்லாமல் கத்துகிறாள்.

அப்படியே நம்பி எழுந்திருக்கலாம்.
மணி அடிக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

லிஃப்டில் அந்த விரல்
என்னைத்தானே காட்டியது?
படிவத்தில் போட்ட மை நீலம்.
மருத்துவமனைப் பெயர் அச்சடித்த பேனா.
குணாளன் சட்டைப்பையைத் தடவியபோது
கைப்பையைத் திறந்து எடுத்துக்கொடுத்தது நான்.
அன்று இரவு ஏழு மாதத்துக்குப் பிறகு
விடியும்வரை புரளாமல் தூங்கினேன்.
'கேட்டியா'வில் அந்த 'யா'வை
ஷூ ஃபென் நீட்டி இழுத்தாள்.
எங்கள் வீட்டில் அப்படி இழுப்பவர்
ஒருவர்தான் இருந்தார்.
அவரைத்தான் நாங்கள் கேட்கவில்லை.

மணி அடித்தது.
ஆவி அடங்கியதும் கதவைத் திறந்தேன்.

மதியம் நானே கீழே போய்
அவளுக்கு ஒரு கோப்பி ஓ வாங்கிவந்து வைத்தேன்.
நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.
போன வாரம் என் கனவில் நீ வந்தாய் என்றாள்.
என் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல்
காலாட்டி உட்கார்ந்துகொண்டு
சிரிக்கிறாய், சிரிக்கிறாய், நிறுத்தவே மாட்டேன் என்கிறாய்.
யாரைப் பார்த்துச் சிரித்தேன் என்று கேட்டேன்.
மூடியைத் திறந்து, ஊதி, ஒரு வாய் குடித்து,
"போதும்" என்றாள்.

இரவு பதினோராம் மாடியில்
எதிர் புளோக்கில் ஒவ்வொரு விளக்காக அணைகிறது.
யாரோ தூங்கப் போகிறார்கள்,
யாரையோ வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள்.
பெர்த்துக்கும் இங்கும் கடிகாரம் ஒன்றுதான்.
குணாளனும் இந்நேரம் படுத்திருப்பான்.

அங்கே நான் வந்தால்
என்ன செய்கிறேன், தெரியவில்லை.
திட்டுகிறேனா,
மீ போடுகிறேனா,
கைப்பையைத் திறந்து
பேனாவைத் தேடிக்கொண்டே இருக்கிறேனா.