சாக்கே சாலையில் ஒரு கதவு

அறிவிப்பு வந்தபோது நான்
முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருந்தேன்.
மலை இன்னொரு முறை வாய் திறக்கலாம்,
ஏரிக்கு அடியிலும் நெருப்பு நகர்கிறதாம்,
கோமாவில் பாதி ஊர் உடனே வெளியேற வேண்டும் என்றது ரேடியோ.
எதில் என்று சொல்லவில்லை.

எரிமலைக் குழம்பு இறுகிக் கல்லாக நாட்கள் பிடிக்கும்.
சாக்கே சாலையில் கார்கள்
ஒரு மணி நேரத்தில் ஆகிவிட்டன.
வெள்ளை ஜீப்புகள் ஹாரன் அடித்தபடியே நின்றன.
மோட்டார் சைக்கிள்காரர்கள் கூலியை ஐந்து மடங்காக்கி
அரை வழியில் பெட்ரோல் தீர்ந்து
சவாரி வந்தவரையும் சேர்த்துத் தள்ளவிட்டார்கள்.

என் வண்டிக்கு எஞ்சின் இல்லை.
யூகலிப்டஸ் கட்டையில் நானே செதுக்கியது.
இரண்டு மரச் சக்கரம், அவற்றுக்கு டயர்த் தோல்,
முழங்கால் ஊன்ற ஒரு பழைய செருப்பு.
சுக்குடு என்று பெயர்.
உருளும்போது அதுவே சொல்லிக்கொள்ளும்.
இறக்கத்தில் அது ராஜா,
ஏற்றத்தில் நான் அதன் கழுதை.

கஹிந்தோ கூப்பிட்டாள்.
என்ன ஏற்றணும் என்றேன்.
கதவு என்றாள்.
கதவா?
கீல் கழற்றிச் சுவரில் சாய்த்தே வைத்திருந்தாள்.
"மற்றதெல்லாம் தகரம்.
போன தடவை வீடு போனபின்
இதற்கு மட்டும் மூன்று வருஷம் சேர்த்தேன்."

கதவைப் படுக்கவைத்தோம்.
அதன்மேல் மெத்தை,
மெத்தையில் பக்கத்து வீட்டு மப்பெந்தோ,
பிள்ளை பெற்று மூன்றாம் நாள்,
அவள் மார்பில் இன்னும் பெயர் வைக்காத ஒன்று.
தாழ்ப்பாளில் கெண்டியைத் தொங்கவிட்டோம்.

கார்களுக்கு நடுவே ஒரு கதவகலம்
எப்போதும் இருந்தது.
நிலம் ஆடியது.
ஜீப்பில் இருந்தவர்கள் அலறி இறங்கினார்கள்.
நாங்கள் ஏற்கெனவே தரையில்தான் இருந்தோம்.

முதல் ஏற்றத்தில்
டை கட்டிய ஒருவர் பின்னாலிருந்து தள்ளினார்.
பார்த்ததும் தெரிந்தது:
மோட்டார் சைக்கிளுக்குக் கடன் கேட்டபோது
இல்லை என்று கையெழுத்துப் போட்ட வங்கிக்காரர்.
அவருக்கு என்னைத் தெரியவில்லை.
தள்ளுகிறவருக்கு முதுகுதானே தெரியும்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்றம் நீளமானது.

சாக்கேயில், மாதா கோயில் முற்றத்தில்,
நான்கு செங்கல் மேல் கதவு.
அதில் தலைமாறிப் படுத்தவர்கள் ஏழு பேர்.
நள்ளிரவில் யாரோ அதைத் தட்டினார்கள், பழக்கத்தில்.
யாரது என்றாள் கஹிந்தோ, பழக்கத்தில்.
சிரிக்கத் தொடங்கியவர்கள்
வெகுநேரம் நிறுத்த முடியாமல் கிடந்தோம்.
குழந்தை விழித்து அழுதது.

பன்னிரண்டாம் நாள் திரும்பினோம்.
மலை தன் வாயைத் தானே மூடிக்கொண்டிருந்தது.
வீடு அப்படியே நின்றது.
உள்ளே சட்டி, நாற்காலி, எவருடையதோ ஒரு ஆடு.
கதவைத் தூக்கி மாட்டினால்
பொருந்தவில்லை.
நிலை சாய்ந்திருந்தது.
அத்தனை நடுக்கத்தையும் அது மட்டும்
வீட்டில் இருந்து வாங்கியிருக்கிறது.

கஹிந்தோ சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
வாய்ச்சியை எடுத்துக் கதவோரத்தைச் செதுக்கினேன்,
மேலே இரண்டு விரல், கீழே போகப் போக ஒன்றுமில்லாமல்.
மாலைக்குள் சாத்த முடிந்தது.
கீழே கொஞ்சம் உரசும்.

கூலி எவ்வளவு என்றாள்.
செதுக்கி விழுந்ததில் தடித்த துண்டாக ஒன்றை எடுத்துக்கொண்டேன்.
ஏற்றத்தில் நிற்க
சக்கரத்துக்கு முட்டு வேண்டியிருந்தது.