மெல்வின் ஏரியின் சிவப்பன்

மே மாதப் பூச்சிகள் நீர்மேல் விழும் மாலை.
மற்ற டிரவுட்டெல்லாம் வாய்பிளந்து மேலே வர
இவன் மட்டும்
தலைகுப்புறக் கல் துழாவிக்கொண்டிருக்கிறான்.
கில்லரு.
செம்பொட்டு மேனியன், நத்தை தின்னி.
மெல்லுவதில்லை.
ஓட்டோடு விழுங்கிவிட்டு
மிச்ச வேலையை வயிற்றுக்கு விட்டுவிடுகிறான்.

ரோசின்வர் கரையில் டெர்வ்லா மெக்கவ்ரன்
கத்தியை முழங்காலில் துடைத்து,
கோழியின் அரைவைப் பைபோல் தடித்த
அந்த இரைப்பையைக் கீறினாள்.
ஈரச் சரளையாய்ப் பலகையில் கொட்டியது:
நொறுங்கியவை, பாதி நொறுங்கியவை,
புழுக்கூடு ஒன்று, கொஞ்சம் மணல்.
எண்ணத் தொடங்கினாள்.
எதற்கென்று கேட்டால் அவளுக்கே தெரியாது.
நாற்பத்தொன்று.

நாற்பத்திரண்டாவது நகர்ந்தது.

மிளகளவுதான்.
மூடியிருந்த கதவை மெல்லத் திறந்து
கொம்பிரண்டும் நீட்டி,
எங்கிருந்து வருகிறோம் என்ற பதற்றமே இல்லாமல்
பலகையின் விளிம்பைப் பார்த்து.

உள்ளே வாணலியில் வெண்ணெய் கருகியது.
"மீன் வருமா வராதா?" ஃபெலிமின் குரல்.

அதை நகத்தில் ஏற்றிக்கொண்டு
படகுத்துறையின் கடைசிப் பலகைவரை நடந்தாள்,
வெறுங்காலோடு.
குனிந்து, நீரில் விட்டாள்,

அங்கேயும் சிவப்பன்கள் உண்டென்று
தெரிந்துதான்.