சுரங்கம் முடிந்த பிறகு

தலைவலியும் காய்ச்சலும்
தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள்.
எனக்கு வந்து ஏழு வாரம்,
எனக்கே தெரியவில்லை.

கிழக்குக் காற்று, என்றான் ஐனார்.
வார்டோ தீவில் எதற்கும் காற்றுதான் குற்றவாளி.
மூக்குக்கண்ணாடி பழசு, என்றாள் அஞ்சலகத்துப் பெர்கிட்.
சூரியன் தலைகாட்டாத இரண்டு மாதம்,
தலையணை, கழுத்து, காப்பி,
காப்பி குடிக்காதது.
ஆளுக்கொரு காரணம் கொடுத்தார்கள்,
நானும் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மருந்துக்கடைப் பெண் மட்டும்
மூன்றாவது பெட்டியை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள்.
"மாதத்தில் பாதி நாள் மாத்திரை போட்டால்
மாத்திரையே தலைவலி தரும், துரிட்.
டாக்டரைப் பாருங்கள்."
சின்னப் பெண். காசை வைத்துவிட்டு வந்தேன்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.
காய்ந்த மீனை மெல்லத் தொடங்கினால்
பத்தாவது கடியில் தாடை இறுகும்.
நிறுத்தினால் விட்டுவிடும்.
அறுபத்தெட்டு வயது, பல்தான் என்று நினைத்தேன்.
சீப்பு பட்டால் வலது பொட்டோரம் தோல் எரியும்,
கம்பளித் தொப்பி கல்லாய் உட்காரும்.
சீப்பையும் தலைவலியையும்
யார் சேர்த்துப் பார்ப்பார்கள்?
மீனை யார்?

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
கடலுக்கடியில் போகும் சுரங்கச் சாலை.
எத்தனை ஆண்டுகள், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன்
என்று பீற்றிக்கொண்ட சாலை.
அன்று ஐனார் ஓட்டினான்.
மேலே ஏறினோம். பனி வெளிச்சம்.
சுரங்கம் முடிந்துவிட்டது.
என் வலது கண்ணில் முடியவில்லை.

இரண்டு நிமிடம் இருக்கும்.
இறங்கிய திரை தானாகவே சுருண்டுகொண்டது,
ஓரத்தில் கொஞ்சம் தவிர.
"சரியாப் போச்சு, வீட்டுக்குப் போ" என்றேன்.
கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக
ஐனார் என் பேச்சைக் கேட்கவில்லை.

டாக்டர் ஹெல்லே பொட்டில் விரல் வைத்தாள்.
நூலாய் ஓட வேண்டிய ரத்தக்குழாய்
தூண்டில் கயிறாய்த் தடித்திருந்தது.
மெல்லும்போது? சீவும்போது?
என் சமையலறையில் ஒளிந்திருந்து பார்த்தவள் போலக் கேட்டாள்.
ஐம்பதுக்கு மேல் புதிதாய் வரும் தலைவலியை
விருந்தாளி போல் வைத்துக்கொள்ளக் கூடாது, என்றாள்.
போன பார்வை திரும்பாது.
சோதனை முடிவு வரட்டும் என்று காத்திராமல்
அந்த அறையிலேயே முதல் ஸ்டெராய்டு,
பிறகு கிர்க்கெனெஸ் ஆஸ்பத்திரி.

மறுநாள் காலை தலை காலியாக இருந்தது,
வாடகைக்காரன் சொல்லாமல் போன வீடு போல.

இப்போது முகம் உப்பியிருக்கிறது.
தூக்கமில்லை, இரவு மூன்று மணிக்கு அலமாரி துடைக்கிறேன்.
வலது கண்ணின் கீழோரம் ஒரு சாம்பல் பிறை.
அது அங்கேயே இருக்குமாம்.
ஏழு வாரம் யாருக்கும் தொந்தரவு தராமல் இருந்ததற்குக் கூலி.

நேற்று பெர்கிட் சொன்னாள்,
பத்து நாளாய் அவளுக்கும் மண்டையிடியாம்.
இடி விழுந்தாற்போல் வந்ததா, கேட்டேன்.
காய்ச்சலோடு கழுத்து விறைக்குதா?
கை மரக்குதா, பேச்சு குழறுதா?
காத்தா இருக்கும், என்றாள் அவள்.
பையைத் திறந்து
காய்ந்த மீன் ஒரு துண்டு நீட்டினேன்.
"மெல்லு" என்றேன்.
"நிறுத்தாமல் மெல்லு."