நாற்பதைத் தொட்டால்

சாவியைக் கையில் கொடுக்கும்போதே
பட்டிவீரன்பட்டி சவரியப்பன் சொன்னார்:
"நாப்பதத் தொட்டா லேசா உதறும். பழகிரும்."

பழகவில்லை.
முப்பத்தெட்டில் தொடங்கும்.
முதலில் டேஷ்போர்டில் கிடக்கும் சில்லறைக்கு,
பிறகு கண்ணாடிக்கு, அதில் பின்னால் வரும் பஸ்
இரண்டு பஸ்ஸாகும்,
பிறகு என் கடைவாய்ப் பல்லுக்கு.
நாற்பத்தாறில்
யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும்.

கவுஞ்சியிலிருந்து வத்தலக்குண்டு வரை
வளைவுகளை எண்ணியவளில்லை நான்.
எண்ணியது நேர்ரோட்டை.
மலைமேல் நாற்பதைத் தொட இடம் கொடுப்பது
மன்னவனூர் செம்மறிப் பண்ணைப் பக்கம்
ஒரே ஒரு அரைக் கிலோமீட்டர்.
பூண்டு மூட்டையோடும் அங்கே உதறியது,
வெறும் வண்டியாகவும் உதறியது.

இன்ஜின் ரப்பர் என்றார் ஒருவர். மாற்றினேன்.
டயர் என்றார் இன்னொருவர், எட்டி உதைத்துப் பார்த்து.
கம்மல் இப்போது பேங்கில் இருக்கிறது,
நாலு டயர் என்னிடம் இருக்கிறது,
நடுக்கமும் என்னிடமே இருக்கிறது.

அதற்குப் பிறகுதான்
பூண்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.
நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால்: இல்லை.
மூன்றாம் கியர், நாற்பது: உண்டு.
நாலாம் கியர், அதே நாற்பது: உண்டு.
இறக்கத்தில் நியூட்ரல்
("வேணாம் புள்ள" என்றார் வீட்டுக்காரர்): உண்டு.
அப்படியானால் இன்ஜின் மேல் குற்றமில்லை.
மூன்று மாதம் அதைத் திட்டியிருக்கிறேன்,
பானட்டைத் துடைத்துவிட்டேன்.
ஸ்டியரிங் சும்மாதான் இருக்கிறது,
உட்காரும் இடம்தான் ஆடுகிறது.
முன்னால் இல்லை. பின்னால், எங்கோ, சுற்றுகிற ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை
குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக
குழந்தைவேலு பின்னால் படுத்துக்கொண்டார்,
இரும்புத் தரையில் காதை வைத்து.
எங்கே அதிகமோ அங்கே தட்டு என்றிருந்தேன்.
நாற்பதில் விடாமல் தட்டல் கேட்டது. நிறுத்தினேன்.
"தட்டல. தலதான் அடிச்சுது" என்றார்.
ஆனாலும் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டிருந்தார்,
நடுத்தரையில், அச்சுக்கு ஒரு முழம் முன்னால்.

மூஞ்சிக்கல் இருதயராஜ் எதுவும் கேட்கவில்லை.
நோட்டை வாங்கி முழுப் பக்கத்தையும் வாசித்தான்.
இதுவரை அதை வாசித்தவன் அவன் ஒருவன்தான்.
சாக்கை விரித்து அடியில் நுழைந்தான்.
"அக்கா, டார்ச்சு."
மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க
மூன்று பேர் காலத்துச் சேறு உதிர்ந்தது.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டு ஷாஃப்ட்.
துண்டுக்கு ஒரு அம்புக்குறி,
கம்பெனியிலேயே கொத்தி அனுப்பியது.
இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும்.
ஒன்று வில்பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது,
மற்றது பெருமாள்மலையை.

எந்த ஒர்க்ஷாப்போ, எந்த அவசரமோ,
எவனோ கிரீஸைத் தடவி
இரண்டு பல் தள்ளிச் செருகிவிட்டுச்
சாப்பிடப் போயிருக்கிறான்.
"ஒண்ணும் கெட்டுப்போகலக்கா" என்றான் இருதயராஜ்.
"எல்லாப் பொருளும் நல்ல பொருள்."
நாலு போல்ட்டைக் கழற்றி, உருவி, திருப்பி, செருகினான்.
எண்பது ரூபாய், கிரீஸுக்கு.
எண்ணிக் கொடுக்கும்போது
சந்தோஷம் வரும் என்றிருந்தேன், கோபம்தான் வந்தது.
தொண்ணூறாயிரம் செலவென்று சொல்லியிருந்தால்
கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் அந்த அரைக் கிலோமீட்டர்.
முப்பத்தெட்டு.
நாற்பது.
சில்லறை கிடந்த இடத்தில் கிடந்தது.
கண்ணாடியில் பஸ் ஒரே பஸ்ஸாக வந்தது,
டிரைவரின் மீசைகூடத் தெரிந்தது.
ஐம்பதுக்குப் போகலாம் என்று காலை அழுத்தும்போது
பண்ணைப் பக்கமிருந்து மஞ்சு இறங்கி
ரோட்டை எடுத்துக்கொண்டது.
பதினைந்துக்கு வந்தேன்.

பதினைந்தில்,
இடதுபக்கக் கதவுக்குள்ளே எங்கோ
டிக், டிக் என்று ஏதோ.

குழந்தைவேலு என்னைப் பார்த்தார்.
நான் நோட்டை எடுக்கவில்லை.
இன்னும்.