மூன்று கண் மாடல்

உறைக்கு முதலில் வேண்டியது படமில்லை,
துளை.
கிரே ஸ்ட்ரீட் மாடியில் அச்சடிக்கும் பெகானி
என்னிடம் கேட்பது அதை மட்டும்தான்:
எந்த மாடல், எத்தனை கண்?
விடியலா, வெள்ளமா,
விக்டோரியா மார்க்கெட்டின் மிளகாய்க் குவியலா,
அவனுக்கு எல்லாமே ஏழு சென்டிமீட்டர் அகலம்.

ஜூன் மாதம். சாளை கரைக்கு வந்த காலை.
கடல் முதலில் கறுத்தது.
பிறகு பறவைகள், யாரோ மேலிருந்து
கல் எறிந்தாற்போல.
முழங்கால் நீரில் நின்று எடுத்தேன்:
ஒரு கரைவலை, ஒரு கயிறு, பத்தொன்பது பேர்.
இடது மேல் மூலையில் கடைசி ஆள்.
எல்லாரும் வலையைப் பார்த்திருக்க
அவன் மட்டும் திரும்பி
என்னைப் பார்த்தான்.
அதுதான் படம்.
மற்ற பதினெட்டுப் பேர் அதற்குச் சட்டகம்.

பழைய போன்களில் அவன் பிழைத்தான்.
ஒற்றைக் கண் மாடலில் தொப்பி மட்டும் போனது.
இரட்டைக் கண்ணில் நெற்றி.
இந்த வருஷம் வந்ததில்
கேஸ் அடுப்பைப்போல் மூன்று வட்டம் வைத்த சதுரம்.
ஆள் இல்லை.
கயிறு மட்டும் வந்து
துளையின் விளிம்பில் முடிகிறது.

படத்தைப் புரட்டிப் போடேன் என்றான் பெகானி.
போட்டுப் பார்த்தேன்.
பனியன் எழுத்துகள் கண்ணாடிக்குள் போய்விட்டன.
கடல் இடப்பக்கம் வந்தது.
டர்பன் கரையில் நாற்பது வருஷம் நடந்தவளுக்கு அது
மேற்கே கடல் இருக்கிற
ஏதோ ஊர்.
அழித்தேன்.

நடுவில் ஒருநாள் கரண்ட் போய்
நீலம் இறங்காமலே நின்றது ஓர் உறை.
சிவப்பும் மஞ்சளுமாய்
பத்தொன்பது பேர் நெருப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு பெண் அதைத்தான் இருநூறு ராண்ட் கொடுத்து வாங்கினாள்.
வேண்டுமென்றே செய்ததா என்றாள்.
ஆமாம் என்றேன்.

சனிக்கிழமைச் சந்தையில்
முகத்துக்கு முன்னே எனக்கு விரல்கள் தெரிந்தன.
நைலான் கயிறு அறுத்து ஆறிய கோடுகளோடு
உறைகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டின.
"நம்ம ஆளுங்கதான். இது தங்கவேலு.
இவன் போன வருஷம் செத்துட்டான்.
இவன் எனக்குக் கடன்காரன்.
நான் எங்கே?"

துளையைக் காட்டினேன்.
விலைச்சீட்டின்மேல் கை தானாகப் போய் உட்கார்ந்தது.

பூபாலன் கிஸ்டென்சாமி
உறையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து
அந்தச் சதுரம் வழியாக என்னைப் பார்த்தார்.
அன்றைக்குப் பார்த்த அதே பார்வை,
இப்போது ஈரம் இல்லாமல்.
"அப்போ எல்லாரும்
என் மூஞ்சி இருந்த எடத்துலருந்துதான் படம் புடிக்கிறாங்க.
கல்யாணம், காவடி, பிள்ளை பிறந்தது, எல்லாம்?"
சிரித்தார்.
சிரித்து முடித்த பிறகு கேட்டார்:
"அன்னிக்கு நாப்பது கிரேட் மீன்.
எனக்கு வந்தது ரெண்டு.
உனக்கு எத்தனை?"

அறுபத்தொன்று விற்றிருக்கிறது என்றேன்.
ஏன் உண்மையைச் சொன்னேன் என்று
இன்னும் தெரியவில்லை.

கணக்குப் போடுகிற உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன.
"சரி. ரெண்டு."
மூன்று கண் உறைகளிலேயே இரண்டு எடுத்தார்.
பழைய மாடலில் நீங்கள் இருக்கிறீர்கள், அதை எடுங்கள் என்றேன்.
"என்னத்துக்கு? என் மூஞ்சி எனக்குத் தெரியும்."

அவர் பையிலிருந்தது பொத்தான் போன்,
பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டது.
அந்த ரப்பர் பேண்டைக் கழற்றி
உறை இரண்டையும் போனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு
டாக்ஸிக்காரனுக்கு விரலைத் தூக்கினார்.
பணம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.
அது விற்பனை இல்லை, பங்கு.

நாலு கண் வருதாம் அடுத்த வருஷம்
என்கிறான் பெகானி, ஸ்கேலை வைத்துக்கொண்டு.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கயிற்றில் அவருக்கு அடுத்து நிற்பது
அந்தக் கடன்காரர்.